கண்ணாடிச் சோதனை

"மாடியில நிக்கும்போதே கண்ணு இருட்டித்தான் விழுந்தேன்னு அண்ணன் சொல்றாரு. அதுலேருந்து அவருக்கு ரெண்டு கண்ணும் சுத்தமாத் தெரியல டாக்டர்," என்றான் தம்பி. அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார் கண் டாக்டர்.

டார்ச் அடித்தார். கண்பாப்பா சட்டென்று சுருங்கியது. லென்ஸ் பளிங்காக இருந்தது. விழித்திரை, நரம்பு எதிலும் பழுதில்லை. டாக்டருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

பெரிய முகக்கண்ணாடி ஒன்றை அண்ணனின் முகத்துக்கு நேரே பிடித்து மெல்லச் சாய்த்தார். பார்வை இருந்தால் விழி அதன் பின்னாலேயே ஓடும். அடக்குவது லேசுப்பட்ட காரியமல்ல. ஓடியது.

"என்கிட்டயேவா நடிப்பு? உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியுது!"

அண்ணன் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். "மெதுவாப் பேசுங்க டாக்டர். தெரியலன்னே சொல்லிடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"பொய் சொல்ற வேலையெல்லாம் என்கிட்ட ஆகாது."

கள்ளத்தைப் பிடித்துவிட்ட பெருமையோடு அவர் கதவைத் திறந்தார். "தம்பி, நல்ல சேதி! உங்க அண்ணனுக்குப் பார்வை ஒரு நாளும் போகல."

தம்பி சிரித்தான். உள்ளே வந்து அண்ணனின் தோளில் ஆசையாகக் கை போட்டான்.

"அப்போ, அன்னைக்கு மாடியில உன் பின்னாடி வந்து நின்னது யாருன்னும் பாத்திருப்பியே? வாண்ணா, வீட்டுக்குப் போகலாம்."

சொட்டுமருந்து எதுவும் விடாமலே, அண்ணனின் கண்பாப்பா இரண்டும் அகல விரிந்தன.