மெயின் ஸ்விட்சுக்குப் பொட்டு

"கம்ப்யூட்டரைத் தொட்டியா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

மேரி துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"அது கீற ரூமுக்குள்ளயே நீங்க என்னெ வுடறதில்லியே சார்."

"வாசப்படியில நின்னு பெருக்கினா தூசி உள்ள போவாதா?"

தூசி எங்கே போகும் என்பது தூசிக்குத்தான் தெரியும்.

கேட்டவர் பஞ்சாட்சரம். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கட்டட இன்ஜினீயராக ஆபீஸ் வைத்திருந்தார். எண்பத்தெட்டாம் வருஷம் அந்தத் தெருவுக்கே முதல் கம்ப்யூட்டர் அவருடையதுதான். தூணுக்கும் உத்தரத்துக்கும் எவ்வளவு கம்பி போட வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தரும் புரோகிராம் ஒன்றையும் மெட்ராஸிலிருந்து வரவழைத்திருந்தார். சதுரமாகத் தட்டிய கறுப்பு அப்பளம் மாதிரி ஒரு ஃபிளாப்பியில் அது இருந்தது. அதை பீரோவில் வைத்துப் பூட்டுவார். அவரே எடுப்பார், அவரே செருகுவார். பி.எஸ்ஸி. படித்த ஆபரேட்டர் தேவகிகூட அதைத் தொடக் கூடாது.

சனிக்கிழமை காலை அந்தப் புரோகிராம் எழுந்திருக்க மறுத்தது. கம்ப்யூட்டர் நன்றாகத்தான் இருந்தது. புரோகிராமைக் கூப்பிட்டால் மட்டும் திரையில் அதன் பெயர் வரும். பெட்டி கர்ர் கர்ரென்று தொண்டையைச் செருமும். 'பீப்' என்று ஒரு சத்தம். அப்புறம் இங்கிலீஷில் ஏதோ மன்னிப்புக் கேட்டுவிட்டுப் படுத்துவிடும்.

தென்னேரியில் வரப்போகும் கல்யாண மண்டபத்தின் கம்பிக் கணக்கு பாதியில் நின்றது.

பஞ்சாட்சரத்தின் மச்சான் கன்னியப்பன் ரைஸ் மில் முதலாளி. மோட்டார் கிளம்பாவிட்டால் பெல்ட்டைக் கையால் இழுத்துவிட்டுப் பழக்கம். இதில் பெல்ட் எங்கே இருக்கிறது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கிடைக்காததால் பெட்டியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு திருஷ்டி என்று சொல்லி ஒரு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். திங்கட்கிழமைக்குள் எலுமிச்சம்பழம் காய்ந்ததுதான் மிச்சம்.

தட்டினவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குத்தான் மேரி இருக்கிறாளே.

"மெட்ராஸ்லேர்ந்து ஆளு வராரு. உன்னாலதான்னு அவரு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அதோட நின்னுடு" என்று பஞ்சாட்சரம் சொல்லிவிட்டார்.

நடவும் அறுப்பும் இல்லாத மாசங்களில் மேரி வீட்டில் உலை கொதிப்பது இந்தப் பெருக்குகிற வேலையால்தான். அன்று முழுக்க அவள் துடைப்பம் தரையில் படாமலேயே பெருக்கினாள்.

மெட்ராஸ் மெக்கானிக் சடையப்பன் நெற்றி நிறைய விபூதியோடு வந்து இறங்கினார். பஞ்சாட்சரத்துக்குப் பார்த்ததுமே பாதித் திருப்தி. வந்தவர் ஃபிளாப்பியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தரம் பார்த்தார்.

"ஆபீஸ்ல வெள்ளிக்கிழமை பூஜையெல்லாம் உண்டா சார்?"

"தவறாம உண்டு. நானேதான் பண்ணுவேன்."

"நல்லது" என்று சொல்லி, எல்லாரையும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

கதவு திறந்தபோது புரோகிராம் சமர்த்தாக உட்கார்ந்து, உத்தரத்தின் நீளம் என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தது.

"கோளாறு இன்னா சார்? தூசிதானே?" பஞ்சாட்சரம் மேரியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தூசியா? அதெல்லாம் இல்ல. கரண்டு சார். ஏறி எறங்கியிருக்கு. அதுல புரோகிராம் அடி வாங்கிடிச்சி. வேற காப்பி போட்டுட்டேன்."

கன்னியப்பன் உடனே கரண்டைத் திட்ட ஆரம்பித்தார். தன் மில்லில் அது செய்த அட்டகாசங்களையெல்லாம் சொன்னார். பஞ்சாட்சரமும் சேர்ந்துகொண்டார். திட்டத் திட்ட அவர் முகம் தெளிந்தது.

"ஒண்ணு பண்ணுங்க சார்" என்றார் சடையப்பன். "இனிமே பூஜையை மெயின் ஸ்விட்சுக்குப் பண்ணுங்க. மூடி மேல சந்தனம், குங்குமம் வெச்சா கரண்டு அடங்கிக் கெடக்கும். கம்ப்யூட்டருக்குத் தூரத்துலேர்ந்து ஒரு கும்பிடு போதும்."

தேவகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படித்த மனுஷன் இப்படியா பூசாரி வேலை பார்ப்பது? ஆனால் நாலு பேர் முன்னால் வாயைத் திறக்க அவளுக்குக் கூச்சம்.

"மேரி, நின்னுகினு இன்னா பாக்கறே? போய் வேலையைப் பாரு" என்றார் பஞ்சாட்சரம்.

மேரி துடைப்பத்தை இந்தத் தரம் நன்றாக அழுத்தியே பெருக்கினாள்.

சடையப்பன் ஸ்க்ரூ டிரைவரை மறந்துவிட்டுப் போயிருந்தார். அதைக் கொடுக்க பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிய தேவகி, அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"சனிக்கிழமை கரண்டு நல்லாத்தான் இருந்தது சார். ஃபேன் ஒரே சீரா சுத்திச்சு."

அவர் பைக்குள்ளிருந்து பழைய ஃபிளாப்பியை எடுத்து நீட்டினார். உறையில் நீளவாக்கில் ஒரு சின்ன ஜன்னல்; அது வழியாகத்தான் கம்ப்யூட்டர் படிக்கும். அதற்குள், துடைத்த பிறகும் போகாமல், ஒரு கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம் காய்ந்திருந்தது. நடுவில் துளிக் குங்குமம்.

தேவகி அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"இதை அங்கேயே காட்டியிருந்தா, மேரி மேல தப்பில்லைன்னு தெரிஞ்சிருக்குமே சார்?"

"தெரிஞ்சிருக்கும்மா. அப்புறம் தெனம் அந்தம்மா மூஞ்சைப் பாக்கறப்பல்லாம் அவருக்குத் தன்னோட தப்புதான் ஞாபகம் வரும். எத்தினி நாள் தாங்குவாரு? வேற எதனா ஒண்ணு சொல்லி அனுப்பிச்சிடுவாரு."

பஸ் வந்துவிட்டது. படியில் கால் வைத்தவர் திரும்பினார்.

"பழி யார் மேலயாவது போட்டுத்தானே ஆவணும்? கரண்டு மேல போட்டா, அதுக்கு வேலை போவாதும்மா."