அக்காவின் இரும்புக் கை

"ரெண்டு நாளா பார்த்துட்டேன். அந்த மிஷின் உனக்குச் சரிப்படாது. பேசாம திருப்பிக் கொடுத்துடு" என்றார் அக்காவின் கணவர்.

அக்கா காதில் வாங்கவே இல்லை. சின்ன டிராக்டரின் முன்னால் புதிதாக மாட்டிய கிராப்பிளைத் திறந்தாள். இரும்புத் தாடைகள் இரண்டும் ஆவென்று பிளந்தன. புயலில் விழுந்த கிளைக் குவியலைப் போய்க் கவ்வின. தூக்கியதும் பாதி நழுவிக் கொட்டியது. மீதி வேலியில் மாட்டிக்கொண்டது.

"தலை வாரச் சொன்னா முடியைப் பிடுங்குற கதையா இருக்கு!" அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

வாசற்படியில் உட்கார்ந்திருந்த தம்பி சிரிக்கவில்லை. அவன் சிரித்து எட்டு மாதமாகிறது. முன்னால் மாட்டியிருந்த மண் அள்ளும் பக்கெட்டில் மரக்கட்டையை உயரத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது இதே டிராக்டரைக் கவிழ்த்துவிட்டான். அடி ஒன்றும் பலமில்லை. ஆனால் அன்றிலிருந்து சாவியைக்கூடத் தொடுவதில்லை. அக்கம்பக்கத்தில் எல்லாரும் தேடி வந்து கூப்பிட்ட டிரைவர், இப்போது கோழிக்குத் தீனி போடுவதோடு சரி.

"அடியில கொடுத்துக் கவ்வணும்க்கா. மேலேர்ந்து கடிச்சா நிக்காது" என்று படியிலிருந்தே முனகினான்.

"என்னடா சொல்ற? சத்தத்துல ஒண்ணும் கேக்கல!"

அடுத்த பிடியை அக்கா தலைக்கு மேலே தூக்கினாள். நாலு சுள்ளிதான். ஆனாலும் தம்பி ஓடியே வந்துவிட்டான்.

"இறக்கு! இறக்குக்கா! தரையை ஒட்டித்தான் கொண்டு போகணும். பின்னாடி வெயிட் எங்க?"

"எதுக்குடா வெயிட்? தூக்குறது முன்னாடிதானே?"

"கடவுளே! பின்சக்கரம் கிளம்பிடாதா? முதல்ல நீ இறங்கு!"

மணல் நிரப்பிய பெட்டியைப் பின்னால் மாட்டினான். சீட்டின் அருகே ஒரு நிமிடம் நின்றான். பிறகு ஏறினான். சாவியைத் திருப்பினான்.

முதல் குவியல் தரையை ஒட்டியே மெல்ல நகர்ந்தது. இரண்டாவது கொஞ்சம் வேகமாகப் போனது. மூன்றாவதற்கு விசிலடிக்க ஆரம்பித்துவிட்டான்.

"மாமா, தள்ளி நில்லுங்க! உங்களையும் சேர்த்து அள்ளிடப் போறேன்!"

"அடேய், நான் குப்பை இல்லடா!"

தம்பி வாய்விட்டுச் சிரித்தான். கோழிகள் மிரண்டு ஓடின.

அந்த நேரம் பார்த்து, மாட்டியதெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க டிராக்டர் கடைக்காரர் வந்தார். அக்காவின் கணவர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"பொருள் நல்லாத்தான் இருக்கு. ஆனா விக்கிறதுக்கு முன்னாடி எப்படி ஓட்டுறதுன்னு இவளுக்குச் சொல்லித்தர வேண்டாமா?"

"யாருக்கு, இவங்களுக்கா?" கடைக்காரர் விழித்தார். "நாலு கிராப்பிளை மாட்டிப் பார்த்தாங்க. 'அதோட கனமே டிராக்டர் தூக்குற பாரத்துல பாதியைத் தின்னுடும்'னு பெருசையெல்லாம் ஒதுக்கினாங்க. கடைசியா இதை மாட்டி, வாசல்ல கிடந்த கட்டையைத் தூக்கி அந்தப் பக்கம் வச்சாங்க. கட்டை மேல என் டீ கிளாஸ் இருந்துச்சு சார். ஒரு சொட்டுகூடச் சிந்தல!"

அக்கா பதறிப்போய் உதட்டில் விரலை வைத்தாள்.

"ஷ்ஷ்... மெதுவா பேசுங்கண்ணே! அவன் இறங்கிடப் போறான்."