பன்னண்டு வார்த்தை

"பன்னண்டையும் சொல்லிட்டியா மதினி?"

"ம்."

"ஒண்ணு ரெண்டாவது முழுங்கினியா?"

"இல்ல. அவரு வரிசையாக் கேட்டாரு, நான் வரிசையாச் சொன்னேன்."

யோகராஜ் தலையில கைய வச்சுக்கிட்டு தையல் மிஷின் ஸ்டூல்லயே உக்காந்துட்டான். பாராடாங்கு தீவுக்கு டூரிஸ்ட் வண்டி ஓட்டுறவன். வாய் மட்டும் எப்பவும் வண்டிக்கு முன்னால ஓடும்.

ஒச்சம்மா, செத்துப்போன அவன் அண்ணனோட சம்சாரம். கராச்சர்மா ஊர்ல ஜாக்கெட்டா தச்சுத் தச்சு அவ சேத்த காசு. "பேங்குல போட்டா தூங்கும் மதினி, இதுல போட்டா ஓடும்"னு அவ போன்ல கிரிப்டோ வாலட் போட்டுக் குடுத்தவனே இவன்தான். இப்ப நிஜமாவே ஓடிரும் போல இருக்கு.

"நான் என்ன சொல்லிக் குடுத்தேன்? ஜாரவா ஆதிவாசிங்க காட்டு ரோட்டுல போட்டோ எடுக்கக்கூடாதுன்னு போர்டு வச்சிருக்கான்ல, அதே மாதிரி இந்தத் தாளையும் போட்டோ எடுக்காத, எவனுக்கும் காட்டாத, நானே வந்து கேட்டாலும் சொல்லாதன்னேனா இல்லையா? அந்தப் பன்னண்டு வார்த்தைதான் சாவி. வச்சிருக்கிறவன் எந்த ஊர்ல உக்காந்தும் தொறக்கலாம்."

"சொன்ன."

"கம்பெனிக்காரன் அதக் கேக்கவே மாட்டான்னேனா?"

"அதும் சொன்ன."

"அப்புறம்?"

ஒச்சம்மா நூலக் கடிச்சுத் துப்பினா.

"என்னன்னு பேசினான் அந்த மகராசன்?"

"கம்பெனியில இருந்து பேசுறேன் மேடம்னாரு. உங்க வாலட்ட சரிபாக்கணும் மேடம்னாரு."

"உன்னப் போய் மேடம்னான் பாரு, அங்கயே தெரிய வேணாமா திருட்டுப்பயன்னு? இந்த ஏரியால உன்ன எவன் மேடம்னு கூப்பிட்டிருக்கான்?"

"பொறுமையாத்தான் பேசினாரு. அதெல்லாம் இங்கிலீசு வார்த்தை. நீ தமிழ்ல எழுதிக் குடுத்தும் எனக்கு வாயில நுழையல. 'அவசரமில்ல மேடம், கண்ணாடியப் போட்டுக்கிட்டு மெதுவாப் படிங்க'ன்னாரு."

"அரே வா! கண்ணாடி போடச் சொல்லிக் கொள்ளையடிக்கிற திருடன இப்பதான் பாக்குறேன். இன்னும் கொஞ்சம் விட்டா சுகர் மாத்திர போட்டீங்களான்னு கேட்டிருப்பான். சரி, உங்கிட்ட வாலட் இருக்கிறது அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நீதான ஸ்டேட்டஸ் போட்ட. 'எங்க மதினியும் கிரிப்டோக்காரி ஆயாச்சு'ன்னு, என் மூஞ்சியோட."

"என் ஸ்டேட்டஸ நம்ம சொந்தபந்தம் மட்டும்தான பாக்குது!"

சொல்லிக்கிட்டே அவ போனப் பிடுங்கித் தொறந்தான். வெளிய மழை. நெட்டு சுத்துச்சு, சுத்துச்சு, சுத்திக்கிட்டே கெடந்துச்சு.

"மதினி! பைசா அப்படியே இருக்கு! இன்னும் எடுக்கல!"

"எடுக்கலயா?" அப்பதான் ஒச்சம்மா நிமிந்தா.

"சாவியக் கைல வச்சுக்கிட்டு என்ன பண்றான்? டீ குடிக்கப் போயிட்டானா?"

"யோசிக்கிறானோ என்னமோ."

"திருடன் எங்க யோசிப்பான்? ஜல்தி, ஜல்தி! என் போன்ல புது வாலட் ஒண்ணு போடுறேன். அதுக்குப் புதுசாப் பன்னண்டு வார்த்தை வரும். இருக்கிறத எல்லாம் அதுக்கு மாத்திட்டா, அவன்கிட்ட இருக்கிற சாவி காலிப் பெட்டிக்குத்தான்."

அன்னிக்கு அவன் வாய விட விரல் வேகமா ஓடுச்சு. வாயும் ஓயல.

"இதுக்குத்தான் உன் மகன் அருண்பிரசாத் பக்கத்துல இருக்கணுங்கிறது. வேலவெட்டி இல்லாதவன்னு நாலு பேர் முன்னால நான் கிண்டல் பண்ணிட்டேனாம், கப்பலேறி மெயின்லேண்டு போனவன்தான். பெத்தவளுக்கு ஒரு போன் உண்டா?"

ஒச்சம்மா ஸ்கிரீனையே பாத்துக்கிட்டு இருந்தா.

"ஆச்சு. அனுப்பப் போறேன். விரல வை மதினி."

அனுப்பணும்னா அவ கைரேகை வேணும். ஒச்சம்மா கைய மடக்கி மடியில வச்சுக்கிட்டா.

"மதினி, விரலு!"

"கொஞ்சம் இரு தம்பி."

"கப்பல் டிக்கெட் கவுண்டரா இது, இருந்து பாக்குறதுக்கு? கையக் குடு!"

"இருடா. எடுக்காமக்கூட விட்டுருவான்."

கையப் பிடிச்சு இழுத்துப் பாத்தான். கத்திரி பிடிச்சுக் காப்புக் காச்ச கை, பிரியல. அதுக்குள்ள ஸ்கிரீன் ஒரு தடவ மினுங்குச்சு. காசு இருந்த எடத்துல முட்டை நின்னுச்சு.

"போச்சு! மொத்தமாப் போச்சு! வேணும்னே கைய மடக்கிட்டு உக்காந்திருக்கியே, கிறுக்கா உனக்கு? ஒரு நல்ல சேல எடுத்துக் கட்டாமச் சேத்த காசு. எதுக்குச் சேக்குறன்னு கேட்டாலும் சொல்ல மாட்ட. இப்ப எவனோ ஒரு திருட்டுப்பய..."

"அப்படிச் சொல்லாத." ஒச்சம்மா கண்ணாடியக் கழட்டி முந்தானையில தொடச்சா. தொடச்சுக்கிட்டே இருந்தா. "எம்புள்ளைக்குன்னு சேத்ததுதான் அது. வந்தா ஒரு தொழில் வச்சுக் குடுக்கலாம்னு."

யோகராஜுக்குத் தொறந்த வாய் தொறந்தபடியே நின்னுச்சு.

"குரல மாத்திக்கிட்டுத்தான் பேசினான். கண்ணாடி போடுங்கன்னானே, அப்பவே தெரிஞ்சு போச்சு. அப்புறமும் பன்னண்டு வார்த்தையும் முடியிற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தேன், யோகு. மேடம் மேடம்னானே ஒழிய, அம்மான்னு ஒரு வார்த்தை அவன் சொல்லவே இல்ல."