செல்போன்கள் சமாதானமான பிறகு

மகிழினியின் செல்போன் மன்னிப்புக் கேட்டு அழகாகச் செய்தி எழுதியது. ரிஸ்வானாவின் செல்போனும் அழகாக மன்னித்துப் பதில் போட்டது. ஆனாலும் மாலை வகுப்பில் தோழிகள் இருவரும் தள்ளித்தான் உட்கார்ந்தார்கள். எல்லோருக்காகவும் செல்போன்களே பேசிவிடும் காலத்தில், பிள்ளைகளுக்கு வாயால் பேசக் கற்றுத்தரும் வகுப்பு அது.

கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருந்த மகிழினி, அன்று எழுந்து ரிஸ்வானாவிடம் போனாள்.

“நீ என்னை நம்பிச் சொன்னத, நான் போய் எல்லார்கிட்டயும்...”

ஒத்திகை பார்த்த மீதி வார்த்தைகள் அழுகையில் கரைந்துபோயின. எல்லாவற்றையும் கெடுத்துவிட்டோம் என்று நினைத்தாள்.

ரிஸ்வானாவின் கண்கள் கலங்கின. “உன்னவிட உன் போன் நல்லா பேசுதுடி, லூசு. வா, பக்கத்துல உக்காரு.”

பாதியில் நின்ற வாக்கியம் எப்படி முழுதாகப் போய்ச் சேர்ந்தது? மகிழினி பிரமித்துப்போய் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.