மழைநீர்த் தொட்டிக்கு ஒரு கையெழுத்து

பல்கலைக்கழகப் புது விடுதிக் கட்டடத்தின் அலுவலகத்தில் மூவர் இருக்கிறோம்: சன்னலோரம் பொறியாளர், கதவருகே முக்காலியில் குழாய்க்காரர், நடு மேசையில் எழுத்தர் நான். வெளியே மழை, கூரைத் தண்ணீரெல்லாம் சாக்கடையில் விழும் சத்தம் கேட்கிறது. "மழைநீர்த் தொட்டிக்குக் குழாயே இணைக்கலியே சார். ரெண்டு நாள் குடுங்க, முடிச்சுடறேன்," என்கிறார் குழாய்க்காரர். "பசுமைக் கட்டடச் சான்றிதழுக்கு இன்னைக்குத்தான் கடைசி நாள்ணே. லாரித் தண்ணி ஊத்திப் படமும் எடுத்தாச்சு. தொட்டி ரொம்பியிருக்கா இல்லையா?" என்று பொறியாளர் சிரிக்கிறார். "சான்றிதழ் வந்துட்டா எவன் சார் திரும்பிப் பார்ப்பான்? விடுதிப் பிள்ளைங்க கோடை முழுக்க வாளியோட அலையப்போறாங்க," என்கிறார் குழாய்க்காரர். பொறியாளர் சான்றிதழ்ப் படிவத்தையும் பேனாவையும் நீட்டுகிறார். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, 'தொட்டி இயங்குகிறது' என்ற வரியின் கீழ் குழாய்க்காரர் கையெழுத்திடுகிறார். நான் உறையை ஒட்டி, ஒரு துளி மழையும் படாதபடி பிளாஸ்டிக் பையில் சுற்றி அனுப்பிவைக்கிறேன்.