மூன்றாவது குடம்

"ஒத்தை ஆளுக்கு மூணு குடம் எதுக்கு?"

கல்யாணசுந்தரி கிணற்றடியில் எல்லாருக்கும் கேட்கும்படிதான் கேட்டாள். ஹாஜரா பீவி மூன்றாவது குடத்துக்குக் கயிற்றை இறக்கினாள்.

சித்திரை வெயில். அச்சன்புதூர்க் கிணறுகளில் பாதி வற்றிவிட்டன. குற்றாலத்தில் அருவி விழ இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. வீட்டுக்கு மூன்று குடம் என்று தெருக்காரர்கள் கூடித் தீர்மானித்திருந்தார்கள். ஆறு பேர் உள்ள வீட்டுக்கும் மூன்று. தறிக்காரர்களுக்கு நூல் சுற்றிக் கொடுத்துத் தனியாகக் காலம் தள்ளும் ஹாஜரா பீவிக்கும் மூன்று.

"குடிக்கதுக்கா எடுக்கா? மண்ணுக்குல்லா ஊத்துதா!" என்றாள் பக்கத்து வீட்டு மாடத்தி. "வேலி வழியா என் ரெண்டு கண்ணால பாத்தேன். பெரிய பானை நிறைய மணலு. அதுல தண்ணியைச் சாய்க்கா. செடி இல்ல, கொடி இல்ல. வெறும் மணலு!"

"பொன்னு முளைக்குமோ என்னவோ!" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

கல்யாணசுந்தரி சிரிக்கவில்லை. "பச்சைப்பிள்ளை வச்சிருக்கேன். துணி அலசத் தண்ணி இல்ல. இங்க மணலு குளிக்கு!"

"உனக்கென்னட்டி குறை? உன் வீட்டுக்காரரு தினமும் தென்காசியில இருந்து பிள்ளைக்குப் பாலு கொண்டாந்துதாரு" என்றாள் இன்னொருத்தி.

"அது இல்லன்னா பிள்ளையே இல்ல மயினி. காலையில வாங்குத பாலு மத்தியானத்துக்குள்ள திரிஞ்சிருது. மாசியில அதைக் குடிச்சு வயித்தால போயி, நனைஞ்ச துணி கணக்கா கிடந்தான். இப்ப இவரு சிநேகிதர் வீட்டுல சாயங்காலம் கறந்து, காய்ச்சியே குடுத்துவிடுதாங்க. அதுக்குப் பொறவுதான் கண்ணு முழிச்சுப் பாக்கான்."

பிறகு ஹாஜரா பீவி பக்கம் திரும்பினாள்.

"பீவியக்கா, நாளையில இருந்து உங்களுக்கு ஒரு குடம்தான். மத்த ரெண்டும் பிள்ளைக்காரிகளுக்கு."

"ரெண்டு குடம் மணலுக்கு வேணும் தாயி" என்றாள் ஹாஜரா பீவி மெதுவாக. "மூணாவதுதான் எனக்கு. வேணும்னா அதைக் குறைச்சுக்கோ."

"மணலுக்காம்ல!" மாடத்தி கையைத் தட்டினாள்.

"அந்த மணல்ல அப்படி என்னதான் இருக்கு? வாங்க, பாத்துருவோம்" என்றாள் கல்யாணசுந்தரி.

நாலைந்து பேர் குடத்தை இறக்கி வைத்துவிட்டு ஹாஜரா பீவி வீட்டுக்கே போய்விட்டார்கள்.

காற்று வரும் பின்வாசல் மூலையில் இருந்தது அந்தப் பானை. அதற்குள் இன்னொரு சின்னப் பானை. இரண்டுக்கும் நடுவே ஈர மணல். மேலே நனைத்த சாக்கு.

ஹாஜரா பீவி முன்னால் வந்து நின்றாள். "என்னைய என்ன வேணும்னாலும் சொல்லு. பானையைத் திறக்காத தாயி."

கல்யாணசுந்தரி அவளை விலக்கிவிட்டுச் சாக்கை எடுத்தாள். உள்ளே கையை விட்டாள். விட்ட கையை எடுக்காமல் அப்படியே குனிந்து நின்றாள்.

"என்னட்டி இருக்கு?"

"பாலு."

"ஒத்தை மனுசிக்கு எதுக்காம் பாலு?" என்று மாடத்தியும் கையை நீட்டிப் பானையின் விளிம்பைத் தொட்டாள். "ஆத்தாடி! அருவியில கை வச்ச கணக்கால்லா இருக்கு!"

கல்யாணசுந்தரி சாக்கை முன்பு இருந்ததுபோலவே மூடினாள். நான்கு ஓரமும் இழுத்துவிட்டாள்.

"வாங்க போவோம். அக்கா மூணு குடமும் எடுத்துக்கிடட்டும்."

"ஏட்டி, நீதானே..."

"எடுத்துக்கிடட்டும்னு சொல்லுதேன்லா."

சாயங்காலம் சங்கரநாராயணன் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். தென்காசியில் ஜவுளிக்கடை வேலை. காலையில் காலியாகக் கொண்டுபோகும் பித்தளைத் தூக்குவாளியை மனைவியிடம் நீட்டினான்.

"இந்தா பாலு. சூடு பண்ணிக் குடு."

கல்யாணசுந்தரி வாளியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "ஏன் இம்புட்டு ஜில்லுன்னு இருக்கு?"

"சைக்கிள்ல வாரேம்லா. காத்து."

"தென்காசிக் காத்தா, நம்ம தெருக் காத்தா?"

சங்கரநாராயணன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

அவள் வாளியின் மூடியைத் திருப்பிக் காட்டினாள். கல்யாணத்துக்கு அவள் பெயரை வெட்டி அப்பா கொடுத்த வாளி அது. "மத்தியானம் இதே பேரு பீவியக்கா பானைக்குள்ள இருந்துச்சு."

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"சாயங்காலப் பாலு எந்த ஊருல கிடைக்கு? எல்லாம் காப்பிக் கடைக்குப் போயிருது. காலையில தெருமுனையில வாங்கி அவங்ககிட்ட குடுக்கேன். காய்ச்சி ஆத்தி, அந்தப் பானைக் குளுமையில திரியாம வச்சுத் தாராங்க. மண்ணுல புதைச்ச பாலுன்னு சொன்னா நீ பிள்ளைக்குக் குடுத்திருப்பியா?"

"குடுத்திருக்க மாட்டேன்."

"அதான் வெளிய சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டேன்."

"இன்னைக்கு நாலு பேரு முன்னால அவங்களைக் கூசக் கூசக் கேட்டேன். அப்பவும் சொல்லல."

தொட்டிலில் பிள்ளை விழித்துக்கொண்டு காலை உதைத்தது. அவள் பாலை அடுப்பில் வைத்தாள்.

"நாளையில இருந்து வாளியை நீங்க கொண்டு போவ வேண்டாம். நான் போயிக் குடுத்துக்கிடுதேன்."

"இந்த வெயில்ல நீ எதுக்கு அலையணும்?"

"எப்படியும் போவணும்லா. நம்ம வீட்டு மூணாவது குடம் இனிமே அங்கனதான்."