ஏழேகால் பஸ்

"தினமும் கல்யாணத்துக்குப் போறவங்களாட்டம் ஏறிடறாங்க, பாருங்க சார்!"

ஃப்ளாட்ஸ் சங்கச் செயலாளர் வைத்தீஸ்வரன் கண்டக்டரிடம் பொருமினார்.

முன்சீட்டுகள் முழுக்கப் பொன்னுசாமியின் கூட்டம். பன்னிரண்டு பேர். பட்டுப்புடவை, தலை நிறையக் கதம்பம், வாய் நிறைய வெற்றிலை, ஓயாத கூச்சல். ஃப்ளாட்டுகள் நிற்கிற இடம் மூன்று வருஷத்துக்கு முன்னால் பொன்னுசாமியின் நெல் வயல்.

"டிக்கெட் எடுக்கறாங்களே சார். நான் எப்படி இறங்கச் சொல்றது?" என்றார் கண்டக்டர்.

ராஜகீழ்ப்பாக்கத்துக்கு உள்ளே, அந்த மண் ரோடு வரைக்கும் ஒரு பஸ்ஸை வரவழைக்க வைத்தீஸ்வரன் போட்ட மனுக்கள் கொஞ்சநஞ்சமல்ல. 'ஜனம் வந்தால் பஸ் விடறோம்' என்றது டெப்போ. 'பஸ் வந்தால் குடி வரோம்' என்றார்கள் வீட்டைப் பூட்டி வைத்திருந்தவர்கள். கடைசியில் ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கிறோம் என்று விட்டிருந்தார்கள். நிலைக்காவிட்டால் பழையபடி மெயின் ரோடு வரை சேற்றில் நடைதான்.

இந்தக் கூச்சலுக்குப் பயந்து நம்மவர்கள் ஏறாமல் போய்விட்டால்? அவரால் பொறுக்க முடியவில்லை. எழுந்து போனார்.

"ஏம்ப்பா பொன்னுசாமி, தாம்பரத்துல தினமும் உங்களுக்கு அப்படி என்ன வேலை?"

"வேலை இன்னா சார்? ஆளுக்கு ஒரு டீ. அப்பால இதே பஸ்ல திரும்பிடுவோம்."

"எங்க வூட்டுக்காரருக்கு தாம்பரம் டீ உள்ள போனாத்தான் கண்ணே தெரியும்!" என்றாள் அவர் மனைவி அங்காளம்மா. கூட்டமே சிரித்தது.

வைத்தீஸ்வரனுக்குச் சுரீரென்றது.

"நிலம் வித்த காசு பேசுது! இது ஆபீஸ் போறவங்க பஸ். ஊர் சுத்தணும்னா வேற வண்டி பாருங்க. நீங்க ஏறறதைப் பார்த்தே எங்க வீட்டுப் பொம்பளைங்க ஒதுங்கறாங்க."

சிரிப்பு அப்படியே நின்றது. அங்காளம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பொன்னுசாமி கையமர்த்தினார்.

"சரி சார். நாளைலேர்ந்து வரல."

மறுநாள் பஸ்ஸில் நிம்மதி. வைத்தீஸ்வரன் முன்சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பரை முழுசாக விரித்துப் படித்தார்.

பத்தாம் நாள் பஸ் வரவில்லை.

டெப்போவுக்கு ஓடினார். "முப்பது பேர் ஏறிக்கிட்டிருந்தாங்க, விட்டோம். ஒரேயடியா பதினெட்டுக்கு இறங்கிடுச்சு. பதினெட்டு பேருக்கு ஒரு பஸ்ஸா சார்?" என்றார் அதிகாரி.

சாயங்காலம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் வந்தவரைப் பொன்னுசாமி எதிர்கொண்டார்.

"இன்னா சார், நடந்து வர்றீங்க?"

"பஸ் போச்சு பொன்னுசாமி." வைத்தீஸ்வரன் தயங்கினார். "உண்மையைச் சொல்லுங்க. டீ குடிக்கவா ஏறினீங்க?"

"டீக்கா? எங்க வூட்ல நாலு கறவை கீது சார்."

"அப்புறம் எதுக்கு?"

பொன்னுசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நீங்க அட்வான்ஸ் குடுக்க வந்த அன்னிக்கு, 'ஊர்க்காரரு சொல்லட்டும், இங்க பஸ் வருமா'ன்னு என்னாண்டதான சார் கேட்டீங்க? ஃப்ளாட் கட்டின புரோமோட்டர் சொல்லச் சொன்னாருன்னு 'வரும்'னு சொல்லிட்டேன். மீதி வூடு நெறையற வரைக்கும், டெப்போ கேட்ட அந்த ஜனமா நாங்களே ஏறிகினு இருக்கலாம்னு பாத்தோம்."